வகுப்புத் தோழமை

நடுவண் அரசுப் பணியில் இருப்போர் பலர் ஓர் ஊரில் நிலையாக வாழ்வதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களுக்குப் பணியிட மாற்றம் வரும். அதனால் பிள்ளைகளின் படிப்பு தடைப்படாதிருக்கவே கேந்திரிய வித்யாலயங்கள் தோன்றின. படைப்பிரிவுகள் நடத்திவந்த 20 பள்ளிகளை ஏற்றுக்கொண்டு 1963ஆம் ஆண்டு இத்திட்டம் தொடங்கியது. போபாலில் ஆறாம் வகுப்புப் படித்த பிள்ளை, குவகாத்தியில் ஏழாம் வகுப்பைத் தொடரலாம். பாடத்திட்டம் மாறாது; பக்கத்தில் அமர்ந்திருந்த தோழர் மட்டும் மாறிவிடுவார்.

சிற்றூர்ப் பள்ளியில் படித்தோர், பள்ளியை விட்ட பின்னும் கோயில் திருவிழாவிலும் திருமண வீட்டிலும் ஒருவரையொருவர் காண்பர். நடுவண் பள்ளியில் படித்தோருக்கு அவ்வாய்ப்பு அரிது. அவர்கள் கூடிப் படித்த ஊர், அவர்களுள் பலருக்குச் சொந்த ஊர் அன்று. ஆகவே, பல ஆண்டுகள் கழித்து அவர்கள் ஒன்றுகூட விரும்பினால், முதலில் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

முற்காலத்தில் அஞ்சலட்டையும் உள்நாட்டு அஞ்சல் தாளுமே தோழர்களை இணைத்தன. தந்தைக்கு மாற்றல் வந்ததும் வீட்டு முகவரி மாறும். புதிய முகவரியை ஒருவர் தெரிவிக்கத் தவறினால், அவருக்கு எழுதிய கடிதம் எழுதியவருக்கே திரும்பி வரும். ஒரு கடிதம் தவறியதால் அறுந்த நட்புகள் பல.

இன்று கைப்பேசி உண்டு. ஆயினும் தேடுதல் எளிதன்று. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் இடுவது தமிழர் வழக்கம். வடமாநில ஆவணங்களில் அவ்வெழுத்து விரிந்து, குடும்பப் பெயர்போல் பின்னால் அமைந்துவிடுவதுண்டு. பெண்கள் சிலரின் பெயர் திருமணத்திற்குப் பின் மாறும். அதனால் பழைய வகுப்புக் குழுப்படமும், அதன் கீழ் வரிசையாக எழுதப்பட்ட பெயர்களும், ஓய்வுபெற்ற ஆசிரியரின் நினைவாற்றலுமே பெரிதும் துணைசெய்கின்றன. ஒருவருக்கு இருவரைத் தெரியும். அவ்விருவருக்கு வேறு நால்வரைத் தெரியும். இவ்வாறு பட்டியல் வளர்கிறது.

கண்டுபிடிப்பதைவிடக் கடினமான பணி ஒன்று அதன்பின் வருகிறது. நாக்பூரில் படித்த ஒரு வகுப்பினரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவ்வகுப்பில் முதலிடம் பெற்றுவந்த மாணவர், பத்தாம் வகுப்பில் தம் தந்தையை இழந்தார். அரசுக் குடியிருப்பை விட்டு அக்குடும்பம் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. அவர் மேற்படிப்பைத் தொடர இயலவில்லை. திருப்பூரில் ஒரு சிறு தையற்கடை வைத்தார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் தோழர்கள் அவரைக் கண்டுபிடித்து, தம் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தனர். அக்குழுவில் நாள்தோறும் பதவி உயர்வு பற்றியும் புதிய வீடு பற்றியும் பேச்சு நிகழ்ந்தது. சந்திப்பைப் பெரிய விடுதியில் நடத்துவதென்றும், அனைவரும் ஒரே அளவு தொகை தருவதென்றும் முடிவாயிற்று. இரண்டே நாளில் அவர் குழுவிலிருந்து விலகினார். காரணம் கேட்டபோது, "கடையில் வேலை மிகுதி" என்று மட்டும் கூறினார்.

தோழியருள் ஒருவர் உண்மையை உணர்ந்தார். அவர் மறுநாள் தொலைபேசியில் அழைத்தபோது வேலையைப் பற்றியோ வருவாயைப் பற்றியோ வினவவில்லை. காய்ச்சலால் தாம் பள்ளிக்கு வராதிருந்த நாள்களில், அவர் தம் கணக்குக் குறிப்பேட்டைக் கொடுத்து உதவியதை நினைவூட்டினார். பின்னர்ப் பிறரிடமும் பேசினார். சந்திப்பு பள்ளி வளாகத்திற்கே மாற்றப்பட்டது. இயன்றவர் இயன்றதைத் தரலாம். யார் எவ்வளவு தந்தார் என்பது வெளியிடப்படாது என்றும் முடிவுசெய்தனர். சில நாள்கள் கழித்துத் திருப்பூரிலிருந்து ஒரு செய்தி வந்தது: "நம் கணக்கு ஆசிரியர் வருகிறாரா?"

திருக்குறளில் 'நட்பு' என்னும் அதிகாரம் இருப்பதைப் பலரும் அறிவர். 'பழைமை' என்னும் தனி அதிகாரமும் அந்நூலில் உண்டு. அது 81ஆம் அதிகாரம். நெடுநாள் பழகியோரிடம் தோன்றும் உரிமையைச் சிதையாமல் காப்பதே அங்குப் பழைமை எனப்படுகிறது. நண்பர் உரிமையால் செய்த பிழையைப் பொறுப்பதும் அதில் அடங்கும். பல ஆண்டுகள் கடிதம் எழுதாத தோழரிடம், "ஏன் மறந்தாய்?" என்று கணக்குக் கேட்பது பழைமை ஆகாது.

புறநானூறு கூறும் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நண்பர் ஆயினர். சோழன் வடக்கிருந்தபோது, தன் நண்பர் வருவார் என நம்பி அவருக்கு இடம் ஒதுக்கச் செய்தான். அவரும் வந்தார். நட்புக்கு அடிப்படை நாள்தோறும் காண்பதன்று, வருவார் என்னும் நம்பிக்கையே என்பதை இது காட்டுகிறது. வராதவருக்கும் ஓர் இடம் ஒதுக்கி வைப்பதே வகுப்புத் தோழமை.

மாற்றலாகிச் செல்லும் மாணவர் இதனை இன்றே தொடங்கலாம். தோழர்களின் பெயரை முன்னெழுத்துடன் ஒரு குறிப்பேட்டில் முழுமையாக எழுதி வைத்தல் நன்று. பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் சில வரிகள் எழுதினால் தொடர்பு அறாது. ஒருவரின் முகவரியை அவர் இசைவின்றிப் பிறருக்குத் தருதல் கூடாது. பழைய கேலிப் பெயரால் அழைப்பதற்கு முன், அது அவருக்கு உவப்பானதா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சொற்பொருள்
நடுவண் – மத்திய
இசைவு – சம்மதம்
உவப்பு – மகிழ்ச்சி
வடக்கிருத்தல் – வடதிசை நோக்கி அமர்ந்து, உண்ணாமல் உயிர் துறத்தல்

பயிற்சி
1. கேந்திரிய வித்யாலயங்கள் எந்நோக்கத்துடன் தோன்றின?
2. தமிழரின் பெயர்வழக்கம் தேடுதலை எவ்வாறு கடினமாக்குகிறது?
3. திருப்பூர்த் தோழர் குழுவிலிருந்து விலகியதற்கு உண்மையான காரணம் யாது?
4. 'பழைமை' என்பதன் பொருளை உம் சொற்களில் விளக்குக.
5. வேறு ஊருக்குச் சென்றுவிட்ட வகுப்புத் தோழருக்குப் பத்து வரிகளில் ஒரு கடிதம் எழுதுக.