கருவின் உறையைத் திறக்கும் லேசர் கதிர்

உயர்ரகப் பசுவின் கருவை எடுத்து வேறொரு பசுவின் கருப்பையில் வைத்துக் கன்று பெறுவதே கருமாற்ற முறை. வைக்கும் கரு கிடேரியா, காளையா என்று முன்னரே அறிய விரும்புவோருக்கு லேசர் கதிர் துணை புரிகிறது.

கருவின் அமைப்பு: கருவூட்டிய 7ஆம் நாளில் பசுவின் கரு சுமார் 0.15 மி.மீ. குறுக்களவே இருக்கும். அதைச் சுற்றிக் கண்ணாடி போன்ற உறை உண்டு. உள்ளே ஒரு பக்கம் திரண்டுள்ள உயிரணுக்கள் கன்றாகும். ஓரத்து உயிரணுக்கள் நஞ்சுக்கொடியாகும்.

லேசரின் வேலை: முன்பு நுண்ணிய கத்தி, கண்ணாடி ஊசி அல்லது அமிலத்தால் உறையைத் திறந்தனர். இப்போது நுண்ணோக்கியின் வில்லை வழியாக அகச்சிவப்பு லேசர் கதிரைச் சில மில்லி விநாடி மட்டும் பாய்ச்சுகின்றனர். இக்கதிரை நீர் உறிஞ்சிச் சூடாவதால் உறையில் சிறு துளை விழுகிறது. அத்துளை வழியாக ஓரத்து உயிரணுக்கள் சிலவற்றை எடுத்து, ஆண் இனக்கீற்று உள்ளதா என மரபணுச் சோதனை செய்கின்றனர். கன்றாகும் திரளைத் தொடுவதில்லை.

எச்சரிக்கை: கதிர் நீண்ட நேரம் பாய்ந்தாலோ, உயிரணுக்களை நெருங்கினாலோ வெப்பத்தால் கரு கெடும். மேலும், உறை கருவுக்குக் கவசமாகும். உறை முழுமையாக இருந்தால், புதுப்புதுக் கரைசலில் 10 முறை கழுவிக் கோமாரி போன்ற நோய்க்கிருமிகளை நீக்க இயலும். துளையிட்ட பின் அக்கழுவலை நம்ப இயலாது. எனவே முதலில் கழுவி, பின்னரே துளையிட வேண்டும்.

சோதித்த கருவைப் பணம் கொடுத்து வாங்குவோர் கேட்க வேண்டியவை:

1. கரு தந்த பசுவுக்கு நோய்ப் பரிசோதனை நடந்ததா?
2. துளையிடும் முன் கழுவப்பட்டதா?
3. புதிய கருவா, உறையவைத்ததா? உயிரணு எடுத்த கருவை உறையவைத்தால் சினை பிடிப்பது குறையலாம்.

கரு எவ்வளவு தரமானதாயினும், அதை ஏற்கும் பசு கரு தந்த பசுவுடன் ஏறத்தாழ ஒரே நாளில் சினைப்பருவத்திற்கு வந்திருக்க வேண்டும். ஒரு நாளுக்கு மேல் வேறுபட்டால் சினை பிடிக்கும் வாய்ப்பு குறையும். தாது உப்புக் கலவை, குடற்புழு நீக்கம் ஆகியவற்றையும் முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

கிடேரிக் கன்று மட்டுமே நோக்கமெனில், பாலினம் பிரித்த விந்துக் குச்சியே எளிது. அதில் பிறக்கும் 100 கன்றுகளில் சுமார் 90 கிடேரிகளாக இருக்கும். மிக உயர்ந்த தாய்ப்பசுவின் வழியைப் பெருக்க விரும்புவோர்க்கே லேசர் சோதனை செய்த கரு ஏற்றது.