வள்ளத்தில் பாரம் ஏற்றும் முறை

வண்டியில் முன்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலெழும். இது விவசாயி அறிந்ததே. வள்ளமும் அப்படித்தான். தீவுப்பகுதிக் கடலைக் கடப்போர் கவனிக்க வேண்டியவை:

1. மூடைகளை நடுவில், அடித்தட்டில் வைத்துக் கட்டுங்கள். ஆட்களும் கீழேயே அமர வேண்டும்.

2. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரம். சோளகக் காலத்தில் காலையிலேயே புறப்படுங்கள். வெயில் ஏறக் காற்றும் கூடும்.

3. பெரிய அலையைப் பக்கவாட்டில் வாங்காதீர்கள். வேகத்தைக் குறைத்து, முன்பக்கத்தைச் சற்றுச் சாய்வாக அலைக்குக் கொடுங்கள்.

4. உயிர்காப்பு அங்கியைத் துறையிலேயே அணியுங்கள். தண்ணீர் இறைக்க வாளி ஒன்று இருக்கட்டும்.

5. வள்ளம் கவிழ்ந்தால் கரைக்கு நீந்த முயலாதீர்கள். மிதக்கும் வள்ளத்தையே பற்றிக்கொள்ளுங்கள். தேடி வருவோர் கண்ணில் அதுவே முதலில் படும்.

பாரம் கூடினால் மூடையை இறக்கிவிடுங்கள். மூடை நாளை வரலாம். பிள்ளைகள் இன்று பத்திரமாகக் கரைசேர வேண்டும்.