கேசட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புத் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் ரோபோ, செயற்கை நுண்ணறிவு என்று ஏதாவது எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அதை எழுத நம் காலேஜிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது பாட்டுக் கேசட்டைப் பற்றி. என்னடா இது, பழைய பேப்பர்காரர் கூட வாங்காத சாமான் என்று முகம் சுளிக்க வேண்டாம். ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டு அதற்குள்தான் இருந்தது. பிட், பாரிட்டி, டைமிங் என்று நாம் பரீட்சைக்கு மட்டும் படித்து மறந்த எல்லாமே அந்த நாடாவில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது.

பழைய வீடியோ கேம் என்றால் நம்மில் பலருக்கு டி.வி.யில் செருகி விளையாடும் கேட்ரிட்ஜ்தான் ஞாபகம் வரும். அதற்குள் இருப்பது ரோம் சிப். தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்ட ரோம் லேசில் அழியாது. முனையில் பிடித்த களிம்பைத் துடைத்தால் பெரும்பாலும் ஓடும். கேசட் அப்படி இல்லை. பிளாஸ்டிக் நாடாவின் மேல் இரும்பு ஆக்சைடுப் பூச்சு, அதில் காந்தப் பதிவு, அவ்வளவுதான். வருஷம் போகப் போக பூச்சு உதிரும், பூஞ்சை பிடிக்கும், நாடா மடியும். அவசரம் இங்கேதான்.

ஸ்பெக்ட்ரம் என்ற சின்னப் பெட்டி

எடுத்துக்காட்டுக்கு இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சின்க்ளேர் ரிசர்ச் நிறுவனம் 1982 ஏப்ரலில் வெளியிட்டது. 16 கிலோபைட் மெமரி உள்ளது 125 பவுண்டு, 48 கிலோபைட் உள்ளது 175 பவுண்டு. உள்ளே 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80ஏ பிராசசர். 16 கிலோபைட் ரோமுக்குள் பேசிக் மொழி. ரப்பர் சாவிகள். மானிட்டர் கிடையாது, வீட்டு டி.வி.தான். டிஸ்க் கிடையாது, வீட்டு டேப் ரிக்கார்டர்தான். 8085 கிட்டில் லேப் செய்திருக்கும் நமக்கு இந்தப் பெட்டியை முழுசாகப் புரிந்துகொள்வது பெரிய விஷயமே இல்லை.

இதில் விளையாட்டு எழுதியவர்களில் பலர் நம் வயசுக்காரர்கள். 1983-ல் வந்த 'மேனிக் மைனர்' என்ற புகழ்பெற்ற விளையாட்டை எழுதிய மேத்யூ ஸ்மித் அப்போது மீசை முளைக்கும் பருவத்துப் பையன். இருபது குகைகள், தாவிக் குதிக்கும் ஒரு சுரங்கத் தொழிலாளி, எல்லாம் 48 கிலோபைட்டுக்குள். இன்றைக்கு நம் செல்போனில் ஒரு குட்மார்னிங் படமே அதைவிடப் பெரிசாக வருகிறது!

சத்தம் எப்படிப் புரோகிராம் ஆகிறது?

பாடத்துக்கு வருவோம். பிராசசரின் கடிகாரம் ஒரு தடவை துடிப்பதை ஒரு 'டி' என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.5 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு டி சுமார் 0.286 மைக்ரோ விநாடி.

லோட் கொடுத்து கேசட்டை ஓட விட்டதும் முதலில் ஒரே சீராக 'ஊ...' என்று ஒரு சத்தம் வரும். இதில் ஒவ்வொரு துடிப்பும் 2168 டி. கணக்குப் போட்டால் சுமார் 807 ஹெர்ட்ஸ். 'நான் வருகிறேன், தயாராக இரு' என்று கேசட் சொல்வது இது. டி.வி. திரையின் ஓரத்தில் அப்போது சிவப்பும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக ஓடும். பிறகு 667, 735 டி நீளத்தில் இரண்டு குட்டித் துடிப்புகள். இனி வருவதுதான் சரக்கு என்பதற்கு அடையாளம்.

அதற்குப் பின் பிட்டுகள். பூஜ்யத்துக்கு 855 டி நீளத்தில் இரண்டு துடிப்பு. ஒன்றுக்கு அதைப் போல இரு மடங்கு, 1710 டி நீளத்தில் இரண்டு துடிப்பு. அதாவது பூஜ்யம் சுமார் 2047 ஹெர்ட்ஸ், ஒன்று சுமார் 1023 ஹெர்ட்ஸ். காதில் விழும் அந்தக் கீச்சுக் கரகரப்பு இதுதான். திரை ஓரத்தில் நீலமும் மஞ்சளும் ஓடத் தொடங்கும்.

இதைப் படிக்கத் தனி சிப் இல்லை. பிராசசரே 254-ஆம் போர்ட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. ஆறாவது பிட் மாறுகிறதா, மாற எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எண்ணுகிறது. இரண்டு துடிப்பும் சேர்ந்து சுமார் 2400 டி-க்குக் குறைவாக இருந்தால் பூஜ்யம், அதிகமானால் ஒன்று. பூஜ்யத்தின் மொத்த நீளம் 1710, ஒன்றின் நீளம் 3420. நடுவில் எவ்வளவு இடைவெளி பாருங்கள். மலிவு டேப் ரிக்கார்டர் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடினாலும் தப்பு வராமல் இருக்க அந்த இடைவெளிதான் காரணம். நல்ல இன்ஜினியரிங் என்றால் எனக்கு இதுதான்.

ஒவ்வொரு புரோகிராமுக்கும் முன்னால் ஒரு சின்னத் தலைப்புப் பகுதி உண்டு. மொத்தம் 17 பைட்: வகைக்கு 1, பெயருக்கு 10, நீளத்துக்கு 2, மற்ற விவரங்களுக்கு 4. கடைசியில் ஒரு பாரிட்டி பைட். எல்லா பைட்டையும் எக்ஸ்-ஆர் செய்து வருவது. உதாரணமாக 65, 66 என்று இரண்டு பைட் இருந்தால் எக்ஸ்-ஆர் 3. முன்னால் வரும் 255 என்ற அடையாள பைட்டையும் சேர்த்தால் 252. கேசட்டில் 252 இல்லாவிட்டால் 'டேப் லோடிங் எர்ரர்' என்று திரையில் வந்து நிற்கும். ஐந்து நிமிஷம் காத்திருந்து கடைசி விநாடியில் அது வந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

இந்த பாரிட்டியை முழுக்க நம்பவும் முடியாது. இரண்டு பைட்டில் ஒரே இடத்துப் பிட் கெட்டுப் போனால் எக்ஸ்-ஆர் மாறாது. பிழை உள்ளே இருந்தும் கம்ப்யூட்டர் 'சரி' என்று சொல்லிவிடும்.

புரோகிராம் வெறும் சத்தம்தானே என்று அதை ரேடியோவில் ஒலிபரப்பியவர்களும் உண்டு. 1980-களில் பெல்கிரேட் ரேடியோவில் ஜோரான் மோட்லி என்பவர் தன் நிகழ்ச்சியில் இந்தக் கீச்சுச் சத்தத்தை ஒலிக்க விடுவார். கேட்பவர்கள் வீட்டில் கேசட்டில் பதிந்து கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வார்கள்.

பதிவது எப்படி?

முதலில் கேசட்டைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாகப் பொடி போல இருந்தால் அது பூஞ்சை. பிளேயரில் போடவே கூடாது. ஹெட்டிலும் ஒட்டும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். நாடாவுக்குப் பின்னால் சின்ன ஸ்பாஞ்சுத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் நாடா ஹெட்டில் சரியாகப் படியாது. வேறு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள்.

அடுத்தது அசிமத். ஹெட் நாடாவுக்குச் சரியான செங்குத்தில் இல்லாவிட்டால் கூர்மையான சத்தம் மழுங்கிவிடும். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். கேசட் ஓடும்போதே அதை மெதுவாகத் திருப்பிக் கொண்டே கேளுங்கள். கீச்சு எங்கே அதிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். இதற்குக் காதே போதும், மீட்டர் வேண்டாம்.

பதியும்போது 44,100 சாம்பிள், 16 பிட், சுருக்காத வேவ் ஃபைல். எம்பி3 வேண்டவே வேண்டாம். அது மனுஷக் காதுக்குக் கேட்காததை வெட்டி எறிவது. நம் கேசட்டைக் கேட்கப் போவது இசட்80. 44,100 சாம்பிளில் ஒரு பூஜ்யத் துடிப்புக்குச் சுமார் 11 சாம்பிள் கிடைக்கும், அளக்க அது போதும். டால்பி சுவிட்ச் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

இந்த வேவ் ஃபைலிலிருந்து பைட்டுகளைப் பிரித்தெடுக்கப் புரோகிராம்கள் இருக்கின்றன. டி.ஏ.பி. என்ற ஃபைலில் பைட்டு மட்டும் இருக்கும். டி.இசட்.எக்ஸ். என்ற ஃபைலில் துடிப்புகளின் நேரத்தையும் எழுதி வைக்கலாம். இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? அந்தக் காலக் கம்பெனிகள் நகல் எடுப்பதைத் தடுக்க ரோமில் உள்ள முறையை விட்டுவிட்டு, துடிப்பு நீளத்தை மாற்றி, சொந்த லோடர் எழுதிப் பதிந்தார்கள். அப்படிப்பட்ட கேசட்டில் நேரம்தான் பூட்டு. பைட்டை மட்டும் எடுத்தால் பூட்டு உடைந்த நகல்தான் கிடைக்கும், அசல் கிடைக்காது.

காகிதமும் கண்ணாடியும் கூட விளையாட்டில் சேர்த்தி. 1984-ல் வந்த 'ஜெட் செட் வில்லி'யோடு கலர் கட்டங்கள் அச்சடித்த ஒரு அட்டை வந்தது. அதைப் பார்த்துக் கேட்ட நிறத்தைச் சொன்னால்தான் விளையாட்டே தொடங்கும். ஸ்பெக்ட்ரத்துக்கு வந்த 'எலைட்'டோடு லென்ஸ்லாக் என்ற பிளாஸ்டிக் பட்டகம் வந்தது. திரையில் சிதறித் தெரியும் எழுத்தை அதன் வழியாகப் பார்த்துப் படிக்க வேண்டும். கேசட்டை வைத்துக்கொண்டு அட்டையைக் குப்பையில் போட்டால் பாதி விளையாட்டுதான் மிச்சம்.

பரமபதம்

மேனிக் மைனரைக் காப்பாற்ற உலகம் பூராவும் ஆள் இருக்கிறார்கள். கடையில் விற்றது, ஆயிரக்கணக்கில் கேசட் உண்டு. ஆனால் வீட்டில் யாரோ ஒருவர் எழுதி, ஒரே ஒரு கேசட்டில் பதிந்து வைத்ததை யார் காப்பாற்றுவது? நான் இதில் இறங்கியதற்குக் காரணம் அப்படி ஒரு கேசட்.

என் சின்னத் தாத்தா 1985-ல் வேலை விஷயமாக இங்கிலாந்து போய் வந்தபோது ஒரு ஸ்பெக்ட்ரம் வாங்கி வந்தார். மிஷின் எப்போதோ போய்விட்டது, கேசட் மட்டும் இருந்தது. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க அவரே பேசிக்கில் ஒரு பரமபதம் எழுதியிருக்கிறார்.

"அது கத்தி முடிக்கிற வரைக்கும் யாரும் தண்ணி குடிக்கக் கூட எழுந்திரிக்க மாட்டோம்டா. சுவிட்ச் போர்டுல ஃபேனைத் தட்டினாக்கூட எர்ரர் வந்துடும்னு பயம்" என்றார்.

கேசட்டில் புரோகிராமை இரண்டு தடவை பதிந்திருந்தார். நல்ல பழக்கம். முதல் பதிவில் தலைப்புப் பகுதி நன்றாக இருந்தது. பெயர் 'பரமபத' என்று இருந்தது. ஆங்கிலத்தில் பதினொரு எழுத்து வர வேண்டியது, இடம் பத்துதான், 'ம்' போய்விட்டது. ஆனால் உள்ளே நாடா ஓரிடத்தில் மடிந்து சில துடிப்புகளைக் காணோம். ஒரு துடிப்பு போனாலும் பின்னால் வரும் பிட்டெல்லாம் தள்ளிப் போய்விடும்.

இரண்டாவது பதிவில் நேர் எதிர். சரக்கு முழுசாக இருந்தது, தலைப்பு இல்லை. தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து விநாடி ஒரு பெண் குரல்: "காபி ஆறுது, வர்றீங்களா இல்லையா?" யாரோ ரிக்கார்ட் பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். அது சின்னப் பாட்டி. அவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது.

முதல் பதிவின் தலைப்பையும் இரண்டாவதின் சரக்கையும் சேர்த்தேன். தலைப்பு சொன்ன நீளம் 5,214 பைட், சரக்கும் 5,214. பாரிட்டியும் ஒத்தது. பாரிட்டியை மட்டும் நம்பாமல், முதல் பதிவில் மடிப்புக்கு முன்னால் இருந்த பகுதியோடும் பைட் பைட்டாக ஒப்பிட்டேன். எல்லாம் பொருந்தியது. எமுலேட்டரில் ஓடவிட்டதும் பாம்பு, ஏணி, கட்டங்கள் எல்லாம் வந்தன. ஸ்பெக்ட்ரத்தில் நாமே வரைந்துகொள்ள 21 எழுத்துக்கு இடம் உண்டு, ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளி. அந்த 168 பைட்டுக்குள் 'தாயம்' என்று தமிழில் எழுதியிருந்தார். அந்தப் புள்ளிகளை வேறு பிளாக்கில் பதியாமல் புரோகிராமுக்குள்ளேயே டேட்டா வரிகளாக வைத்திருந்ததால் தப்பித்தது.

டி.ஏ.பி. ஃபைலில் பாட்டி குரல் வராது. புரோகிராமைப் பொறுத்தவரை அது குப்பை. அதனால் வேவ் ஃபைலை இரண்டு இடத்தில் தனியாக வைத்திருக்கிறேன். நீங்கள் பதிந்தாலும் அப்படியே செய்யுங்கள். பிரித்தெடுத்த பைட்டு வேறு, முழு ஒலிப்பதிவு வேறு. நாளைக்கு இதைவிட நல்ல டிகோடர் வந்தால் ஒலிப்பதிவிலிருந்துதான் மறுபடி தொடங்க முடியும்.

சில எச்சரிக்கைகள்

மிஷினே கிடைத்தால் உடனே பிளக்கைச் செருகாதீர்கள். ஸ்பெக்ட்ரம் அடாப்டர் 9 வோல்ட், ஆனால் நடுமுனை நெகட்டிவ். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ். மாற்றிக் கொடுத்தால் உள்ளே சேதம். முதல் 16 கிலோபைட்டுக்கு 4116 ரக மெமரி சிப் எட்டு இருக்கிறது. அதற்கு +5, +12, -5 என மூன்று வோல்ட்டேஜ் வேண்டும். -5 வராமல் ஓடினால் சிப் போய்விடும், ஆகவே முதலில் மல்டிமீட்டர். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை மாற்றிவிடுவது நல்லது. (மேல் 32 கிலோபைட்டுக்கு அவர்கள் போட்டது பாதி பழுதான 64 கிலோபிட் சிப்புகள். நல்ல பாதியை மட்டும் பயன்படுத்திச் செலவைக் குறைத்தார்கள். கில்லாடிகள்!)

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பழசு என்பதால் பதிப்புரிமை தீர்ந்துவிடாது. முறைப்படி நம் கையில் இருக்கும் புரோகிராமுக்குப் பாதுகாப்பு நகல் எடுத்துக்கொள்ள நம் 1957-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் இடம் உண்டு. அதை ஊருக்கு விநியோகிக்க இல்லை. ஸ்பெக்ட்ரம் ரோமைப் பொறுத்தவரை, 1986-ல் சின்க்ளேரின் கம்ப்யூட்டர் வியாபாரத்தை வாங்கிய ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் எமுலேட்டர்களோடு அதைத் தர 1999-ல் அனுமதித்தது.

உங்கள் வீட்டிலோ பழைய ஆபீஸ் அலமாரியிலோ பாட்டு இல்லாமல் கீச்சென்று கத்தும் கேசட் இருந்தால் எங்கள் துறை லேபுக்கு எடுத்து வாருங்கள். டெக்கும் ஸ்க்ரூ டிரைவரும் தயாராக இருக்கிறது. ஓடுகிறதா என்று வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டாம், பென்சிலைச் செருகிச் சுற்றவும் வேண்டாம். உறை, அட்டை, துண்டுச் சீட்டு எது இருந்தாலும் அதையும் சேர்த்து அப்படியே கொண்டு வாருங்கள்.