நமது சுமைவண்டியும் கைத்திருத்தங்களும்

சாயல்குடி வட்டாரத்து விவசாயிக்கும் பரமக்குடி, எமனேசுவரம் நெசவாளிக்கும் பொதுவானதொரு தேவை உண்டு. விளைந்த பொருளும் நெய்த துணியும் பழுதின்றிச் சந்தை சேர வேண்டும் என்பதே அது. முன்னாளில் மாட்டுவண்டி செய்த இப்பணியை இந்நாளில் சிறு சுமைவண்டி செய்து வருகிறது. 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த டாட்டா ஏஸ் வண்டியைக் 'குட்டி யானை' என்று நம் மக்கள் செல்லப்பெயரிட்டு அழைப்பதிலிருந்தே, அது நம் வாழ்வோடு எத்துணை ஒன்றிவிட்டது என்பது விளங்கும். வண்டி வீடு வந்த மறுநாளே, அதில் ஒன்றைக் கூட்டலாமா, மற்றொன்றை உயர்த்தலாமா என்னும் ஆசை எழுவது இயல்பு. எது செய்யத்தக்கது, எது தகாதது என்பதே இம்மாதப் பாடம்.

1. முதலில் கணக்கு

ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் வெற்று எடையும், சுமையோடு கூடிய மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நாம் ஏற்றக்கூடிய அளவு. மொத்த எடை 1,550 கிலோவும் வெற்று எடை 800 கிலோவும் ஆனால், மிச்சம் 750 கிலோ. வண்டியில் நாம் எதைப் பொருத்தினாலும் அதன் எடை இந்த 750-இலிருந்தே கழியும்.

தளம் தேயாதிருக்க 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு பரப்புவதாக வைத்துக்கொள்வோம். 2.2 மீட்டர் நீளமும் 1.4 மீட்டர் அகலமும் உள்ள தளத்துக்கு அத்தகடு சுமார் 72 கிலோ வரும். மூட்டை ஒன்று 24 கிலோ எனக் கொண்டால், மூன்று மூட்டைகளுக்குரிய இடத்தை இரும்பு பிடித்துக்கொள்கிறது. நூறு நடையில் முந்நூறு மூட்டை! கருப்பட்டி போன்ற கனமான சரக்கை ஏற்றுவோர்க்கு இது வெளிப்படையான நஷ்டம். நடை திரும்பும்போதும் அவ்விரும்பைச் சுமந்தே வரவேண்டும். எரிபொருட் செலவு நம்முடையது.

2. தவிர்க்க வேண்டியவை

பின்பக்கம் தாழ்கிறது என்று ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டுவோர் உளர். பட்டை கூடினால் தாழ்வு மறையும். ஆனால் அச்சு, பிரேக், டயர் ஆகிய மூன்றும் பழைய வலிமையோடுதான் இருக்கும். தாழ்வு என்பது 'சுமை மிகுந்தது' என்று வண்டி நமக்குத் தரும் எச்சரிக்கை. அதை மறைத்துவிட்டால் அபாயம் நீங்கிவிடாது. கண்ணுக்குப் படாமற் போகும், அவ்வளவே.

மிளகாய் வற்றலும் கரியும் எடை குறைந்து இடம் மிகுதியாக அடைப்பவை. ஆகவே பக்கத் தட்டிகளை உயர்த்தும் ஆசை இவற்றால் உண்டாகிறது. பாரம் உயர உயர, கிழக்குக் கடற்கரைச் சாலையின் பக்கக் காற்றிலும் வளைவிலும் வண்டி சாயும் இயல்பு மிகும். சுமைத் தளத்தில் பலகை ஆசனம் அமைத்துப் பழப்பறிப்புக்கு ஆட்களை ஏற்றிச் செல்வதோ எவ்வகையிலும் பொறுக்கத்தக்கதன்று. வண்டி கவிழ்ந்தால் மூட்டையை மீண்டும் கட்டலாம். மனித உயிரை என் செய்வது?

சட்டமும் இதையே வற்புறுத்துகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ரூ. 5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மிகைச் சுமைக்கு ரூ. 20,000-மும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 2,000-மும் அபராதம். நிலையான கூண்டு தேவைப்படுவோர், வேலை தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெறுதல் வேண்டும்.

3. நாமே செய்யக்கூடியவை

அங்ஙனமாயின் ஒன்றுமே செய்யலாகாதா? செய்யலாம். வண்டியைப் பெரிதாக்காமல், சரக்கைக் காக்கும் வேலைகளைச் செய்யலாம்.

தளத்தின்மேல் மெல்லிய மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கி, அவற்றின்மேல் பனையோலைப் பாய் விரித்தால், மூட்டையின் அடியில் காற்று உலவும். தளத்து ஈரம் ஏறாது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயில் ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும், நிறம் மங்கும், விலை விழும். தார்ப்பாயை நடுவில் உயர்த்திக் கட்டக் கழற்றக்கூடிய வளைகம்பிகள் போதும். மழைநீர் தேங்காது வழிந்தோடும்.

கயிறு கட்ட, வண்டியில் ஏற்கெனவே உள்ள கொக்கிகளையே பயன்படுத்துக. நாம் ஒருமுறை தளத்தில் துளையிட்டு வளையங்கள் பூட்டினோம். துளையின் விளிம்புக்கு வர்ணம் பூச மறந்தோம். உப்புக் காற்றில் துரு ஏறிற்று. ஐப்பசி மழையில் சக்கரம் வாரியடித்த நீர் அத்துளை வழியே கசிந்து, இரண்டு சேலைக் கட்டுகளில் செங்கறை படிந்தது. நெய்தவரின் பல நாள் உழைப்பு நம் அரைமணி நேர அவசரத்தால் பாழாயிற்று. பிழை நம்முடையதே.

அன்றுமுதல் மாதந்தோறும் வண்டியின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுகிறோம். துரு கண்ட இடத்தைத் தேய்த்து, உலர்த்தி, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் வர்ணம் தீட்டுகிறோம். ஒளிரும் பட்டைகள் முன்புறம் வெள்ளை, பக்கங்களில் மஞ்சள், பின்புறம் சிவப்பு என அழுக்கின்றி இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்கிறோம். இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம், பயனோ பெரிது.

வண்டிக்கு அழகு அது சுமக்கும் பொருள் குறைவின்றிப் போய்ச் சேர்வதே. ஒன்றைப் பொருத்துமுன், 'இது எவ்வளவு எடை? எந்தப் பொருளைக் காக்கும்?' என்று இரண்டே கேள்விகளைக் கேட்டுப் பழகுவோமாக.

அங்கத்தினர் கூடிச் சிந்திக்க:

1. உங்கள் வண்டியின் மொத்த எடைக்கும் வெற்று எடைக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு?

2. வாங்கிய பின் பொருத்தியவை யாவை? அவற்றின் எடையைக் கூட்டிப் பார்த்தீர்களா?

3. சென்ற பருவத்தில் சரக்குக்கு நேர்ந்த சேதத்தில், வழிப்பயணத்தில் விளைந்தது எவ்வளவு?