அறிவியல், அளவை, நம்பிக்கை

நுழையும்முன்
வீட்டில் பெரியோர் ஒன்று கூறுகின்றனர். வகுப்பறையில் ஆசிரியர் வேறொன்று கூறுகிறார். இரண்டிற்கும் நடுவே நிற்கும் மாணவர் எதனை ஏற்பது? அதற்கு விடை காணும் நெறியை இப்பாடம் அறிமுகம் செய்கிறது.

அறியும் வழிகள்
ஒன்றை உண்மையென அறிவதற்கான வழியை நம் முன்னோர் 'அளவை' என்றனர். அளவைகள் பத்து எனக் கூறுவோரின் கருத்து மணிமேகலையில் இடம்பெற்றுள்ளது. சிவஞான சித்தியாரோ அவற்றைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறது. புலன்களால் அறிவது காட்சி. மலைமேல் புகையைக் கண்டு அங்கே நெருப்புண்டு எனத் துணிவது கருதல். நம்பத்தக்கோர் சொல்லால் அறிவது உரை. பனிமூட்டத்தைப் புகையென மயங்கினால், கருதும் முறை சரியாக இருப்பினும் முடிவு பிழையாகும். எனவே, கருதலுக்குக் காட்சியின் துணை இன்றியமையாதது.

கிரகணம் கற்பித்த பாடம்
பாம்பு விழுங்குவதால் கிரகணம் உண்டாகிறது என மக்கள் நம்பினர். நிலவைப் புவியின் நிழல் மறைப்பதே சந்திர கிரகணம் என்று கி.பி. 499இல் இயற்றிய நூலில் ஆரியபட்டர் விளக்கினார். அந்நிழலின் விளிம்பு எப்போதும் வளைந்தே காணப்படுவதால் புவி உருண்டையானது என அரிஸ்டாட்டில் கருதி அறிந்தார்.

1868 ஆகஸ்டு 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரிலிருந்து பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் ஆராய்ந்தார். அவ்வாண்டு சூரிய நிறமாலையில் காணப்பட்ட மஞ்சள் கோடு ஒன்று சோடியத்தின் கோடுகளோடு பொருந்தவில்லை. அது புதிய தனிமத்தினுடையது என ஆங்கிலேய அறிஞர் லாக்கியர் கருதினார். சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாக அதற்கு ஹீலியம் என்னும் பெயர் அமைந்தது. பலரும் ஐயுற்றனர். 1895இல் யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து வெளிப்பட்ட வாயுவில் ராம்சே அதே கோட்டைக் கண்டார். இடைப்பட்ட 27 ஆண்டுகள் லாக்கியரிடம் இருந்ததும் ஒருவகை நம்பிக்கையே. ஆயினும், அது சோதனைக்குக் கதவைத் திறந்து வைத்திருந்த நம்பிக்கை.

நம்பிக்கையின் இடம்
சூரியனின் தொலைவை நாம் அளந்து பார்த்ததில்லை. நூலின் உரையை ஏற்கிறோம். ஆகவே, நம்பிக்கையின்றிக் கல்வியும் இல்லை. ஆனால், அந்நூல் கூறுவதை எவரும் சோதித்துப் பார்க்கலாம் என்பதே அவ்வேற்புக்கு அடிப்படை.

கருவுற்ற பெண் கிரகண நேரத்தில் நீரும் அருந்தலாகாது எனப் பாட்டி தடுக்கிறார். இதில் இரண்டு உள்ளன. ஒன்று, கிரகணம் கருவைத் தாக்கும் என்னும் கூற்று. அது சோதனைக்கு உரியது. அறிவியல் அதனை ஏற்கவில்லை. மற்றொன்று, பிறக்கப்போகும் உயிரின்மீது அவர் கொண்ட அன்பு, அதனை எக்கருவியும் அளக்க இயலாது, மறுக்கவும் தேவையில்லை. கூற்றைத் திருத்தி அன்பைப் போற்றுபவரே கற்றவர். தாகத்தால் தவிக்கும் அப்பெண்ணுக்கு நீர் தருவதும், பாட்டியின் அருகமர்ந்து பொறுமையாக விளக்குவதும் ஒரே கல்வியின் இரு பயன்கள்.

எப்படி நிகழ்கிறது என்பதை அறிவியல் ஆராய்கிறது. சொல்வது முன்பின் முரணின்றி இருக்கிறதா என்பதை அளவை சோதிக்கிறது. எதன்பொருட்டு வாழ்வது என்னும் வினாவிற்கு நம்பிக்கையும் அறமும் விடை தேடுகின்றன. மாணவர்களே, ஒரு கூற்றைக் கேட்டவுடன் ஏற்கவோ எள்ளவோ விரையாதீர்கள். இது எவ்வகைக் கூற்று, இதனை எவ்வளவையால் அறிவது என முதலில் வினவுங்கள்.