மெட்ரிக் அளவுக்கு மாற்றினால் பத்திரம் கெடுமா?

கோவில்பட்டியிலும் எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு வட்டாரங்களிலும் பத்திரம் அடித்துக்கொடுக்கும் கடைகளில் ஒரு வதந்தி நெடுங்காலமாக உலவிவருகிறது. கணினியில் அங்குலத்தை விடுத்து மெட்ரிக் அளவைத் தேர்ந்தால், பழைய கோப்புகளின் ஓரங்கள் நகர்ந்துவிடுமாம். ஏக்கரும் சென்டும் தாமாகவே ஹெக்டேராக மாறிச் சொத்துக்கே வில்லங்கம் வருமாம். அச்சுக்கோப்பையே ஜீவனமாகக் கொண்ட எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் கோபமே வருகிறது. ஏனெனில் கல்லூரியில் படித்த பிள்ளைகளும் இதைப் பிரமாணமாக நம்பி, வீட்டுக் கணினியை வாங்கிய நாள் முதல் அமெரிக்க அமைப்பிலேயே வைத்துக்கொண்டு அவதிப்படுகிறார்கள்.

இது முழுப் பொய். அளவுமுறை அமைப்பு என்பது, திரையின் மேலுள்ள அளவுகோலையும் ஓரங்களைக் குறிக்கும் கட்டங்களையும் எந்த அலகில் காட்டுவது என்பதை மட்டும் நிர்ணயிப்பது. வேர்டு மென்பொருள் ஓர் அங்குலத்தை 1440 கூறுகளாக்கி, அக்கூறுகளின் எண்ணிக்கையையே பக்க ஓரத்துக்குக் கோப்பில் பதிந்துவைக்கிறது. படங்களுக்கோ அதனினும் நுண்ணிய அலகு. அங்குலத்துக்கு 9,14,400, சென்டிமீட்டருக்கு 3,60,000 என இரண்டுமே பின்னமின்றி முழு எண்ணாக அமையும்படி அது வகுக்கப்பட்டிருக்கிறது. அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டரே என்று அமெரிக்காவும் பிரிட்டனும் பிற நாடுகளும் 1959-ல் உடன்பட்ட பிறகு இதில் சந்தேகத்துக்கு ஏது இடம்? ஓர் அங்குல ஓரம் திரையில் 2.54 சென்டிமீட்டர் என்று தெரியும். தாளில் விழும் எழுத்து இம்மியும் அசையாது. ஏக்கர் என்று அடித்தது வெறும் எழுத்து. அதைத் தொடும் அதிகாரம் இந்த அமைப்புக்குக் கிடையாது.

அப்படியானால் பக்கம் நகர்ந்ததைப் பிரத்தியட்சமாகக் கண்டோம் என்று சத்தியம் செய்கிறவர்கள் கண்டது என்ன? தாளின் வேற்றுமையைத்தான். அமெரிக்க அமைப்பில் தொடங்கும் புதுக் கோப்பு பெரும்பாலும் லெட்டர் தாளை எடுத்துக்கொள்கிறது. அது 216-க்கு 279 மில்லிமீட்டர். நம் கடைகளில் விற்கும் ஏ4 தாளோ 210-க்கு 297. ஆறு மில்லிமீட்டர் அகலம் கூடியும் பதினெட்டு மில்லிமீட்டர் உயரம் குறைந்தும் உள்ள பக்கத்தை ஏ4 தாளில் அச்சிட்டால் ஓரம் பிசகாமல் என்ன செய்யும்? விண்டோஸின் வட்டார அமைப்பில் 'ஆங்கிலம் (இந்தியா)' என்பதைத் தேர்ந்து, பக்க அளவை ஏ4 ஆக்குங்கள். அபவாதம் சுமந்த மெட்ரிக்கைப் பழிப்பதை விட்டுவிடுங்கள்.

அங்குலமே துல்லியமானது என்பதும், ஒருமுறை மாற்றினால் மீட்க இயலாது என்பதும் மறுப்புக்கே தகுதியற்ற பேச்சுகள். வேர்டில் மாற்றினால் கணினி முழுவதும் மாறும் என்பதும் தவறு. வேர்டுக்கும் லிப்ரே ஆபீஸுக்கும் அலகைத் தேர்ந்துகொள்ளத் தனித்தனி இடமுண்டு. கணினியில் மெய்யாகவே அஞ்சவேண்டியது அமெரிக்கத் தேதிமுறைக்குத்தான்: வட்டிக் கணக்கு எழுதுகிறவர் ஏப்ரல் 3 என்று கருதி 3/4 என இட்டால், அட்டவணை மென்பொருள் அதை மார்ச் 4 என்று கொள்ளும்.

இல்லாத ஆபத்துக்கு இவ்வளவு அஞ்சுகிறவர்கள், கணினிக்கு வெளியே இருக்கும் ஆபத்தை அலட்சியம் செய்கிறார்களே என்பதுதான் என் விசனம். மெட்ரிக் முறைக்கு 1956-லேயே சட்டம் இயற்றி, 1958 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவரத் தொடங்கிய தேசம் இது. பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்க, கரிசல் காட்டில் வாய்க்கணக்கு இன்றும் ஏக்கரும் சென்டுமே. இவ்விரண்டுக்கும் இடையில் கணக்குப் போடுகிறவர் ஹெக்டேரை இரண்டரையால் பெருக்கிவிடுகிறார். ஒரு ஹெக்டேர் என்பது 2.471 ஏக்கர். 2 ஹெக்டேர் 40 ஏர் உள்ள பருத்திக்காடு 5 ஏக்கர் 93 சென்ட்தான். அதை ஆறு ஏக்கர் என்று எழுதினால், இல்லாத 7 சென்டுக்கு, அதாவது மூவாயிரம் சதுர அடிக்கு மேற்பட்ட நிலத்துக்கு, வாங்குகிறவர் பணம் கொடுக்கிறார். பத்திரம் அடிக்கிறவர்கள் பட்டாவிலுள்ள ஹெக்டேரை முதலில் எழுதி, 2.471-ஆல் பெருக்கி வந்த ஏக்கரையும் சென்டையும் அதன் பக்கத்திலேயே எழுதவேண்டும். எழுதாத பத்திரத்தில் கையெழுத்திட வாங்குகிறவர் மறுக்கவேண்டும்.