கென்னட் ஆற்றில் குளிர்காலத் தூண்டில்

கேள்வி: இங்கிலாந்தில் ரெடிங் நகரில் இருக்கிறேன். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். சின்ன வயதில் வாய்க்காலிலும் குளத்திலும் விரால், கெண்டை பிடித்துப் பழக்கம். போன கோடையில் இங்கே கென்னட் ஆற்றில் ரோச், பெர்ச் மீன்கள் நன்றாகக் கடித்தன. நவம்பர் பிறந்ததும் தக்கை அசைவதே இல்லை. “குளிர்காலம் என்றால் பைக் மீன்தான், கடையில் ஒரு மெக்கரல் வாங்கிப் போடு, போதும்” என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். அப்படித்தானா? எந்த மாதிரி நாளில் போக வேண்டும், எங்கே போட வேண்டும்? பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பு வைக்கலாமா? 14 வயது மகனும் வருகிறேன் என்கிறான்.

பதில்: நண்பர் சொன்னதில் பாதி சரி. பைக் குளிர்காலத்து மீன்தான், மெக்கரலும் நல்ல இரைதான். ஆனால் ‘போதும்’ என்றாரே, அதை நான் ஏற்கமாட்டேன். பைக்கின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றத் தெரியாமல் பைக்குக்குத் தூண்டில் போடக் கூடாது. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். முதலில் உங்கள் தக்கை ஏன் அசையவில்லை என்று பார்ப்போம்.

மீனின் உடல் சூடு தண்ணீரின் சூடுதான். கோடையில் 18 டிகிரி இருந்த ஆறு ஜனவரியில் 5 டிகிரிக்கு வரும்போது செரிமானம் மந்தமாகிறது, தேவையும் குறைகிறது. ஆனால் எல்லா மீனும் ஒரே அளவில் மந்தமாவதில்லை. டென்ச் கிட்டத்தட்டத் தூங்கிவிடும். கார்ப்பும் பார்பலும் இதமான ஒன்றிரண்டு நாள்களில் மட்டும் வாய் திறக்கும். ரோச், டேஸ், பெர்ச், கிரேலிங், சப் ஆகியவை கடுங்குளிரிலும் தின்னும், குறைவாகத் தின்னும், அவ்வளவுதான். இவற்றில் சப் மீனைத்தான் நான் முதலில் சொல்வேன். ஓரத்துப் புல்லெல்லாம் பனியில் வெள்ளையாக நிற்கும் காலையில்கூட ஒரு சப் உங்களை வெறுங்கையோடு அனுப்பாது.

எந்த நாளில் போவது என்ற கேள்விக்குப் பலரும் ‘குளிர் குறைந்த நாளில்’ என்று பதில் சொல்வார்கள். என் பதில் வேறு. மீனின் வாயை மூடுவது குளிர் அல்ல, மாற்றம். எட்டு டிகிரியில் இருந்த ஆறு முதல் உறைபனி இரவில் ஐந்துக்கு இறங்கினால் மறுநாள் ஆறே காலியானது போலிருக்கும். அதே ஐந்து டிகிரி ஒரு வாரம் நிலைத்து நின்றால் மீன் பழகிக்கொண்டு மறுபடி தின்னத் தொடங்கும். அதனால் முந்தைய நான்கைந்து நாள் எப்படி இருந்தது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தென்மேற்குக் காற்றும் மேகமுமாக இரண்டு மூன்று நாள் இதமாக இருந்து, வெள்ளம் வடிந்து, கலங்கல் தெளியத் தொடங்கும் நாள் கிடைத்தால் விடுப்பு எடுத்துக்கொண்டாவது போங்கள். பனி உருகி ஆற்றில் இறங்கும் நாளில் வீட்டிலேயே இருங்கள். உருகிய நீர் கடுங்குளிர், சாலையில் தூவிய உப்பும் கூடவே வரும். சின்னத் தண்ணீர் வெப்பமானி ஒன்றை நூலில் கட்டிப் பையில் வைத்திருங்கள். விலை உயர்ந்த ரீலைவிட அது அதிக மீன் பிடித்துத் தரும்.

அடுத்தது இடம். உங்களுக்குத் தடுமாற்றம் இங்கேதான் என்று நினைக்கிறேன். கோடையில் மீன் ஆறு முழுக்கப் பரவியிருக்கும், எங்கே போட்டாலும் ஏதாவது கடிக்கும். குளிர்காலத்தில் நீர்ப்பாசியும் செடியும் மடிந்துவிடும், மறைவிடம் போய்விடும், மழைவெள்ளம் நடு ஆற்றில் இழுக்கும். சிறு மீன்கள் கூட்டமாகச் சேர்ந்து நீரோட்டம் தளர்ந்த இடத்தில் ஒதுங்கும். நூறு மீட்டர் தூரத்துக்கு ஒரு செதில்கூட இருக்காது, அடுத்த வளைவில் ஆயிரக்கணக்கில் ரோச் அடைந்து கிடக்கும். இதைக் கண்ணால் பார்க்க நார்ஃபோக் பிராட்ஸ் பக்கம் போக வேண்டும். பாட்டர் ஹையம், ராக்ஸம் ஊர்களின் படகுத்துறைகளில் விடுமுறைப் படகுகள் குளிர்காலம் முழுக்கக் கட்டிக் கிடக்கும். அவற்றின் அடியில் ரோச்சும் பிரீமும் திரளும். அந்தத் திரளின் விளிம்பில் பைக் நிற்கும். பைக்கைத் தேடுகிறவன் முதலில் ரோச்சைத் தேட வேண்டும் என்பதை நான் கற்றது அந்தப் படகுத்துறைகளில்தான்.

உங்கள் கென்னட்டுக்கும் இதே கணக்குதான். வளைவின் உட்புறம், மதகுக்குக் கீழே நீர் சுழன்று அமைதியாகும் ஓரம், கட்டிப்போட்ட படகுகளின் பக்கம், தண்ணீரில் கிளை தாழ்ந்த மரத்தடி, தேம்ஸில் கலக்கும் பகுதி என்று பாருங்கள். ஏரியிலும் குட்டையிலும் கணக்கு வேறு. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும், அந்த நீர் அடியில் தங்கிவிடும், அதைவிடக் குளிர்ந்தது மேலே மிதக்கும். ஆகவே கடுங்குளிரில் ஏரியின் ஆழமான பகுதியே மீனுக்கு இதமானது. டிசம்பரில் வெளிச்சம் காலை எட்டு மணிக்கு வந்து மாலை நான்குக்குள் போய்விடும். தெளிந்த நீரில் கடைசி ஒரு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். சப்பும் ரோச்சும் அப்போதுதான் தைரியமாக வெளியே வரும்.

சிறு மீனுக்கு இரை போடும் அளவைக் குறையுங்கள். கோடையில் கைநிறையப் புழுவை வீசிய பழக்கம் இப்போது கெடுதல். வயிறு நிரம்பினால் மீனுக்கு அன்றைய நாள் முடிந்தது. ரோச்சுக்கு ஒரு சிட்டிகை பொடித்த ரொட்டி, முள்ளில் ரொட்டித் துணுக்கு அல்லது ஒற்றை மேகட் புழு, மெல்லிய தங்கூசி, 18 அல்லது 20ஆம் எண் முள் போதும். சப்புக்குக் கட்டைவிரல் அளவு வெள்ளை ரொட்டிச் சதையோ பாலாடைக்கட்டிப் பிசைவோ வையுங்கள். ஒரே இடத்தில் உட்காராதீர்கள். கால் மணி நேரம் பார்த்துவிட்டு நகருங்கள்.

இனி பைக். குளிரில் அது துரத்தி வேட்டையாடச் சோம்பல்படும், ஆனால் அடியில் கிடக்கும் செத்த மீனைப் பொறுக்கத் தயங்காது. மெக்கரல், சார்டின், ஹெர்ரிங் போன்ற எண்ணெய் கசியும் கடல் மீன்கள் வேலை செய்வது அதனால்தான். ஒரு முழு சார்டினோ பாதி மெக்கரலோ அடியில் கிடக்கட்டும். தங்கூசி குறைந்தது 15 பவுண்டு தாங்க வேண்டும். முள்ளுக்கு மேலே 45 முதல் 50 சென்டிமீட்டர் எஃகுக் கம்பி கட்டாயம். பைக்கின் வாயில் உள்நோக்கிச் சாய்ந்த பற்கள் நூற்றுக்கணக்கில் உண்டு, நைலானை நொடியில் அறுத்துவிடும். அறுந்தால் வாயில் முள்ளோடு அந்த மீன் சாகலாம். 6 அல்லது 8ஆம் எண் ட்ரெபிள் முள் இரண்டு, பின்முனை நசுக்கியதாக இருக்கட்டும்.

ஊர்ப் பழக்கம் ஒன்றை நீங்கள் மறந்தே ஆக வேண்டும். தவளையைப் போட்டு விரால் பிடிக்கும்போது கவ்வியதும் இழுக்க மாட்டோம், நன்றாக விழுங்கட்டும் என்று பொறுப்போம். பைக்குக்கு அப்படிப் பொறுத்தால் ட்ரெபிள் தொண்டைக்குள் போய்விடும். தக்கை சாய்ந்ததோ நகர்ந்ததோ தெரிந்த மறுநொடி தங்கூசியை இறுக்கிச் சுண்டி இழுங்கள். தப்பினால் தப்பட்டும். தூண்டிலைப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்க நகர்வதும் கூடாது. இரையோடு தண்ணீரில் கிடக்கும் தூண்டிலை ஆளில்லாமல் விடுவது இங்கே சட்டப்படியே குற்றம்.

தூண்டில் வாங்கும் முன்பே வாங்க வேண்டிய நான்கு சாமான்கள் உண்டு: முடிச்சில்லாத பெரிய அள்ளுவலை, மீனைக் கிடத்த மெத்தென்ற விரிப்பு, ஒரு சாண் நீளத்துக்குக் குறையாத ஃபோர்செப்ஸ், நல்ல கட்டிங் பிளையர். இவை இல்லாமல் போகாதீர்கள். விரிப்பை முதலில் தண்ணீரில் நனையுங்கள். மீனை மல்லாக்கக் கிடத்தி, மண்டியிட்டு இரு காலுக்கும் நடுவே அணைத்துக்கொள்ளுங்கள். செவுள் மூடியின் ஓரத்தில் இரண்டு விரலை நுழைத்துத் தாடைப்பக்கமாக நகர்த்துங்கள், சிவந்த செவுளைத் தொடாதீர்கள். அங்கிருந்து மெல்லத் தூக்கினால் வாய் தானாகத் திறக்கும். முள்ளை ஃபோர்செப்ஸால் பிடித்துத் திருப்புங்கள். வரவில்லையென்றால் இழுக்காமல் கட்டிங் பிளையரால் முள்ளையே நறுக்குங்கள். முள் சில காசு, மீன் பல வருட வளர்ச்சி. காற்று பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் செவுளும் கண்ணும் உறைந்து புண்ணாகிவிடும் என்பதால் படம் எடுக்க வெளியே தூக்கவே வேண்டாம், வலையோடு தண்ணீரிலேயே வைத்துக் கழற்றுங்கள். விடும்போது நிமிர்த்திப் பிடித்திருங்கள், அதுவாக வாலை அடித்துப் போகட்டும். இதை அனுபவம் உள்ளவர் ஒருவர் செய்ய ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். 1977-ல் தொடங்கிய பிரிட்டனின் பைக் ஆங்லர்ஸ் கிளப் இந்த முறைகளைப் பரப்புவதையே முக்கிய வேலையாகச் செய்துவருகிறது.

குழம்பைப் பற்றிக் கேட்டீர்கள். பைக் உண்ணத் தகாத மீன் அல்ல. ஐசக் வால்டன் 1653-ல் எழுதிய தூண்டில் நூலிலேயே அதைச் சமைக்கும் முறை இருக்கிறது, பிரான்சின் லியோன் நகரில் இன்றும் பேர்பெற்ற உணவு. இங்கிலாந்துச் சட்டம் ஆற்றில் ஒருவர் ஒரு நாளில் 65 சென்டிமீட்டருக்கு உட்பட்ட ஒரு பைக்கை எடுத்துக்கொள்ள விடுகிறது. ஆனால் அந்தக் கரையின் உரிமையாளரோ கிளப்போ அனுமதிக்க வேண்டும், பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. எடுக்காதீர்கள் என்பதே என் கருத்து. பெரிய பைக் எல்லாம் பெண் மீன்கள். அவை தம் இனத்துச் சிறுசுகளையே தின்று எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கின்றன. பெரியவற்றை அகற்றிய நீரில் சின்னப் பைக் பெருகி, ரோச் கூட்டத்தைக் குடைந்துவிடும். நம் ஆள்கள் பிடித்ததையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள் என்ற பேச்சு சில கரைகளில் இருக்கிறது. அந்தப் பேச்சுக்கு நீங்கள் இடம் தர வேண்டாம். குழம்புக்குக் கடையில் மெக்கரல் இருக்கிறது, இரைக்கு வாங்கும்போதே இரண்டு கூடுதலாக வாங்கிவிடுங்கள்.

மகனை அவசியம் அழைத்துப் போங்கள். 13 வயது முதல் லைசென்ஸ் வேண்டும். 16 வரை கட்டணம் இல்லை, ஆனால் பெயர் பதிந்து எடுத்தே ஆக வேண்டும். உங்களுக்குக் கட்டணத்தோடு தனி லைசென்ஸ். இல்லாமல் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம். லைசென்ஸ் மட்டும் போதாது, கரைக்கு உரிய கிளப் அட்டையோ நாள் சீட்டோ வேண்டும். ஆறுகளில் மார்ச் 14 நள்ளிரவோடு பருவம் முடிந்து ஜூன் 16-ல்தான் மறுபடி திறக்கும். ரெடிங் பக்கம் கென்னட் ஆறும் கால்வாயும் பல இடங்களில் ஒன்றாகவே ஓடுகின்றன, ‘கால்வாய்தானே’ என்று மார்ச்சுக்குப் பின் போட்டுவிடாதீர்கள், எந்தப் பகுதி எது என்று கிளப்பில் கேளுங்கள். பிப்ரவரி கடைசியில் பெண் பைக் முட்டையால் கனத்திருக்கும், நான் அப்போதே பைக் தூண்டிலை மடக்கிவைத்துவிட்டு சப்புக்குப் போய்விடுவேன்.

பையனுக்குக் கனமான ஒரே கோட்டைவிட மெல்லிய உடைகளை அடுக்கி உடுத்துங்கள். காலுறை இரண்டு, மாற்று ஜோடி ஒன்று பையில். கம்பின் வளையங்களில் பனி அடைத்தால் நுனியைத் தண்ணீரில் முக்கி எடுக்கச் சொல்லுங்கள், விரலால் உடைக்க வேண்டாம். கார்பன் கம்பு மின்சாரம் கடத்தும், மேலே மின்கம்பி போகும் கரையில் அதைத் தூக்கியபடி நடக்கக் கூடாது. குளத்தில் பனிப்பாளம் எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும் அதன்மேல் கால் வைக்கக் கூடாது என்பதைக் கிளம்பும் முன்பே அவனிடம் சொல்லிவிடுங்கள்.